ஒரு டிஎன்எஸ் முகவரிக்கு எத்தனை கட்டம்?

வெளியில் இருப்பவரை ஆபீஸ் நெட்வொர்க்கோடு இணைக்கும் இந்த விபிஎன் பெட்டியைத் தயாரித்த புண்ணியவான்களிடம் ஒரு கேள்வி. பெயரைச் சொன்னால் ஐபி எண்ணைச் சொல்லும் சர்வர்தான் டிஎன்எஸ்; அதன் முகவரியைக் கேட்க எதற்கய்யா மூன்று இடம்? வெளி இணையத்துக்கான வேன் (WAN) பக்கத்தில் ஒன்று, கணினிகளுக்கு ஐபி எண் வழங்கும் டிஎச்சிபி பக்கத்தில் ஒன்று, விபிஎன் பயனர்களுக்கென்று உள்ளே எங்கோ ஒளித்து வைத்த இன்னொன்று. எது பெட்டிக்கு, எது ஆபீஸ் கணினிகளுக்கு, எது வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு என்று திரையில் ஒரு வரி போட்டால் குடியா முழுகிவிடும்?

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு டனல், அதாவது விபிஎன் இணைப்பு, பச்சையாகத்தான் காட்டுகிறது, 192.168.10.5 என்று அடித்தால் சர்வர் திறக்கிறது, அதையே பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் அப்படி யாருமே இல்லை என்கிறது. கேள்வி கூகுளின் டிஎன்எஸ்ஸான 8.8.8.8-க்குப் போகிறது, வேறென்ன. நம் ஆபீஸ் கணக்கு சர்வரின் பெயர் கூகுளுக்கு எப்படித் தெரியும்? சரி, உள் டிஎன்எஸ் சர்வரைக் கொடுக்கலாம் என்றால், அப்புறம் அவர் வீட்டில் பார்க்கும் யூடியூப் வரைக்கும் நம்மிடம் கேட்டுவிட்டுத்தான் போகும். நம் டொமைனை மட்டும் இங்கே அனுப்பு, மற்றதை அங்கேயே விடு என்று பிரிக்கும் வசதி இருக்கத்தான் செய்கிறது, 'அட்வான்ஸ்டு'க்குள் நாலு கிளிக் தள்ளி. அதை டிக் பண்ணி 'அப்ளை' கொடுத்த மாத்திரத்தில் இணைப்பில் இருக்கும் அத்தனை பேரும் அறுந்து விழுகிறார்கள், போன் அடிக்க ஆரம்பிக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவருக்கு மட்டும் வேலை செய்யாது. அவர் பிரவுசரைத் திறந்து பார்த்தால் டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ், அதாவது பெயர்க் கேள்வியை பிரவுசரே பூட்டி வேறொரு சர்வருக்கு அனுப்பும் வசதி, ஓடிக்கொண்டிருக்கும். பெட்டியில் நாம் எழுதியதை அது சட்டை செய்வதே இல்லை.