150 எம்எம் லென்ஸ் வாங்கும் முன் கேமராவின் தலைக்கு மேல் என்ன இருக்குன்னு பாருங்க

பழைய ஹாசல்பிளாட் 500சி/எம் ஃபிலிம் கேமரா ஒன்று கைக்கு வந்ததும் எல்லோரும் கேட்பது, "அடுத்து எந்த லென்ஸ்?" நான் திருப்பிக் கேட்பது, "எதன் வழியா பார்க்கப் போறீங்க?" லென்ஸையும் வியூஃபைண்டரையும் தனித்தனியா யோசிச்சா காசுதான் வீண். நான் வீணாக்கியிருக்கேன், அதனால் சொல்றேன்.

இந்த கேமராவோடு வழக்கமா வர்றது மேலே மடிப்பா திறக்கிற வேய்ஸ்ட் லெவல் ஃபைண்டர். குனிஞ்சு பார்த்தா கண்ணாடித் திரையில் காட்சி நிமிர்ந்தே தெரியும், ஆனா இடம் வலமாகும். குழந்தை இடப்பக்கம் ஓடினா திரையில் வலப்பக்கம் ஓடும். நாமும் தப்பான பக்கம் திருப்புவோம். ரெண்டு மூணு ரோலில் கை பழகிடும். பழகாத விஷயம் வேற: கேமரா வயிற்று உயரத்தில் இருக்கு.

80 எம்எம் பிளானர் லென்ஸில் ஆளை முழுசா எடுக்கும்போது இந்த உயரம் வரம். உடல் நிமிர்ந்து நிற்கும், கால்கள் குறுகாது. அதே இடத்தில் 150 எம்எம் சோனார் லென்ஸை மாட்டி முகத்தை மட்டும் எடுத்துப் பாருங்க. ஃபிலிம் கழுவி வந்ததும் எதிரே இருக்கிறது மூக்குத் துவாரம். என் முதல் ரோலின் 12 படத்தில் 9 அப்படித்தான் வந்தது. லென்ஸ் மேல் பழி போட்டேன். தப்பு உயரத்தில்தான்.

அதனால் 150 வாங்குறவங்க 45 டிகிரி சாய்வில் பார்க்கிற பிரிச ஃபைண்டரையும் சேர்த்தே கணக்குப் போடுங்க. கேமரா கண்ணுக்கு வரும், இட வலக் குழப்பமும் போயிடும். எடை கூடும், கழுத்து சொல்லும். ஒளியை அளக்கும் மீட்டர் உள்ள பழைய பிரிசத்துக்கு நான் கூடுதலா காசு கொடுக்க மாட்டேன். வயசான மீட்டரை நம்பி ஃபிலிமை வீணாக்குறதை விட கையில் பிடிக்கிற மீட்டர் மேல். பிரிசம் வேண்டாம்னா, எடுக்கப்படுறவரை நாற்காலியில் உட்கார வைங்க. இதுவும் தீர்வுதான், இலவசம்.

அகலமா காட்டுற 50 எம்எம் டிஸ்டகன் லென்ஸுக்கு எந்த ஃபைண்டரும் சரி. அதன் துவாரம் எஃப்4 வரைதான் திறக்கும், வெளிச்சம் குறைவு என்பதால் பழைய திரையின் ஓரங்கள் இருட்டா தெரியும். திரையை மாத்துறது அங்கேதான் பலன் தரும். மினோல்டா உருவாக்கிய அக்யூட்-மேட் திரை போட்டதும் நான் ஃபோகஸ் செய்ற வேகமே மாறிடுச்சு. 1970இல் வந்த சி/எம்மில் நாமே திரையை மாத்திக்கலாம். 1957இல் வந்த 500சியில் அது முடியாது, மெக்கானிக்கிடம்தான் போகணும்.

ஒரு ரோல் ஓடி முடிஞ்ச உற்சாகத்தில் லென்ஸைக் கழற்றும்போது ஜாக்கிரதை. கேமராவும் லென்ஸும் ரெண்டுமே முறுக்கேறிய நிலையில், அதாவது அடுத்த படத்துக்குத் தயாரா, இருக்கணும். ஷட்டர் லென்ஸுக்குள் இருப்பதால், முறுக்காத லென்ஸை முறுக்கிய உடலில் மாட்டினா பூட்டிக்கும்.

பழைய லென்ஸ் கையில் வந்ததும் நான் முதலில் செய்வது, ஷட்டர் வேகத்தை 1 விநாடியில் வெச்சு, ஓட விட்டு காதோடு சேர்த்துப் பிடிப்பது. பல் சக்கரம் சீரா ஓடணும். நடுவில் இழுத்தா உள்ளே கிரீஸ் கெட்டியாயிருக்குன்னு அர்த்தம், சர்வீஸ் செலவைக் கழிச்சுத்தான் விலை பேசணும்.