பள்ளிப் பயணமும் 16 வயது ஸ்கூட்டரும்: உண்மை விளக்கம்

"அரசு மிதிவண்டி கொடுத்தும் பிள்ளைகள் ஓட்டாததற்குச் சோம்பலே காரணம், 16 வயதானால் ஸ்கூட்டர் கொடுங்கள், சட்டம் அனுமதிக்கிறது" என்று கிருஷ்ணகிரி வாட்ஸ்அப் குழுக்களில் பரவும் செய்தி தவறானது.

பள்ளியின் தொலைவு, நடைபாதை, வாகன நெரிசல் ஆகியவை பதின்பருவத்தினரின் பயணத்தைப் பெரிதும் தீர்மானிப்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. தேசிய நெடுஞ்சாலை 44-ஐக் கடந்தோ, யானைகள் நடமாடும் அஞ்செட்டிக் காட்டுச் சாலை வழியாகவோ பள்ளிக்கு வரவேண்டிய பிள்ளையைச் சோம்பேறி என்பது அநியாயம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 4-ஆவது பிரிவின்படி, 16 வயதில் உரிமம் பெற்று ஓட்டக்கூடியது 50 சிசி-க்கு மேற்படாத இருசக்கர வாகனம் மட்டுமே; இன்று விற்பனையாகும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சிசி-யைத் தாண்டியவை. வாகனம் ஓட்டி சிறார் இச்சட்டப்படி குற்றமிழைத்தால், அதன் 199ஏ பிரிவின்கீழ் பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. இவற்றை மத்திய அரசின் சட்டத் தொகுப்பான இந்தியா கோடு (India Code) இணையதளத்தில் சரிபார்க்கலாம். அந்தத் தவறான வாட்ஸ்அப் செய்தியை யாருக்கும் அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.