ஜி.எம். ஆனவரிடம் ஊர் கேட்க வேண்டியது

திருப்பூரில் சாயப்பட்டறைக்கு சூப்பர்வைசராக வந்து, சாயமேற்றலைக் கவனிக்கும் டையிங் மாஸ்டராகி, ஜி.எம். (பொது மேலாளர்) நாற்காலி வரை உயர்ந்தவர்கள் நிறையப் பேர். உயர்ந்ததும் ஊர் கூப்பிடும்: பள்ளி ஆண்டுவிழா, ரோட்டரி பதவி, கோயில் திருப்பணிக் குழு. பெஞ்சு வாங்கித் தருகிறார்கள், ரத்ததான முகாம் நடத்துகிறார்கள். எல்லாம் தேவைதான். ஆனால் பெஞ்சு யாரும் வாங்கித் தரலாம். அவருக்கு மட்டும் தெரிந்த தொழிலை ஊர் கேட்டு வாங்குவதில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

உப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். பருத்தித் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயத்தில் அடர் ஷேடுக்கு (நிறத்துக்கு) லிட்டருக்கு 70 கிராம் உப்பு என்று வைப்போம். 500 கிலோ துணியை 1:8 லிக்கர் ரேஷியோவில் (ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணீர்) ஓட்டினால் 4,000 லிட்டர் தண்ணீர், 280 கிலோ உப்பு. 1:5-ல் ஓட்டினால் 2,500 லிட்டர், 175 கிலோ. சாயத்தைத் துணியில் ஏற்றிவிடுவதோடு உப்பின் வேலை முடிந்தது. துணியில் தங்காது, போட்டதெல்லாம் கழிவுநீரில் வந்துவிடும். ஷேடு தப்பி மறுபடி சாயமேற்றினால் உப்பும் இரட்டிப்பு. பெரும்பாலும் தப்புவது, சாயத்தைத் துணியோடு பிணைக்கப் போடும் சோடாவை அவசரமாகக் கொட்டுவதாலும், தண்ணீரின் கடினத்தன்மையைப் பார்க்காமல் விடுவதாலும்தான்.

இன்னொரு தவறு, சாதா உப்பையும் சோடியம் சல்பேட்டையும் கலந்து ஓட்டுவது. சல்பேட் மட்டும் என்றால், கழிவுநீரைக் காய்ச்சி வற்றவைக்கும் ஆவியாக்கியில் பிரித்து மறுபடி சாயத்துக்கே போடலாம். கலந்துவிட்டால் கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகச் சேரும், வாங்க ஆளில்லை. சூடான கழிவை ஆறவிடாமல் உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ.வுக்கு அனுப்பினால் அதன் மெம்பிரேன் (வடிகட்டும் சவ்வு) கெடும்.

இந்தக் கழிவு நொய்யல் ஆற்றில் கலந்த வழக்கில் 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது வேலை போனது தொழிலாளிக்கு. அதற்கு முன்பே, பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையாகி, நொய்யல் கரை விவசாயிகளின் கிணறு உப்பேறிவிட்டது.

அதனால் அடுத்த முறை அந்த ஜி.எம்.மைக் கூப்பிடும்போது சால்வையோடு ஒரு வேலையும் கொடுங்கள். ஆற்றங்கரைக் கிணறுகளின் டி.டி.எஸ். (நீரில் கரைந்த உப்புகளின்) அளவை மாதம் ஒருமுறை எடுத்து, தேதி போட்டு ஊராட்சிப் பலகையில் எழுதட்டும். கோடையில் எண் ஏறுவது இயல்பு. போன வருஷம் இதே மாதத்து எண்ணோடுதான் ஒப்பிட வேண்டும். மீட்டரை, அளவு முன்பே தெரிந்த ஸ்டாண்டர்டு கரைசலில் சரிபார்த்த பிறகே கிணற்று நீரில் வைக்க வேண்டும். பட்டறையில் அவர் ஆட்களுக்கு அன்றாடம் சொல்லிக்கொடுக்கும் வேலைதான் இது.