சீமென்ஸ் வழக்கின் இன்னொரு பாதி

வெளிநாடுகளில் லஞ்சம் கொடுத்த வழக்குகளை முடிக்க 2008 டிசம்பரில் ஜெர்மன் நிறுவனமான சீமென்ஸ் கட்ட ஒப்புக்கொண்ட தொகை, ஜெர்மனி, அமெரிக்கா இரண்டும் சேர்த்து ஏறத்தாழ 160 கோடி டாலர் என்கிறது சீமென்ஸ் ஊழல் பற்றிய உங்கள் கட்டுரை. சரி, கார்ட்டெல் வழக்கை, அதாவது போட்டி நிறுவனங்கள் ரகசியமாகக் கூட்டுச் சேர்ந்த வழக்கை, ஏன் விட்டுவிட்டீர்கள்? துணை மின்நிலையங்களுக்கான சுவிட்ச்கியர் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) டெண்டர்களை 1988 முதல் 2004 வரை சீமென்ஸ் உள்ளிட்ட சில நிறுவனங்கள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டன. 2007 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையம் விதித்த சுமார் 75 கோடி யூரோ அபராதத்தில் பாதிக்கு மேல் சீமென்ஸ் தலையில்தான் விழுந்தது. அதே கூட்டில் இருந்து, முதலில் போய் உண்மையைச் சொன்ன ஏபிபி நிறுவனம் அபராதமே இல்லாமல் தப்பியது.

லஞ்ச வழக்கில் என்னை உலுக்கியது அந்தப் பணக் கவுண்ட்டர்தான். ஊழியர்கள் காலி சூட்கேஸோடு போய், ஒரே தடவையில் 10 லட்சம் யூரோ வரை ரொக்கமாக வாங்கி வந்திருக்கிறார்கள். நிறுவனத்துக்குள்ளேயே! வெளிநாட்டு லஞ்சத்துக்கு 1999 வரை ஜெர்மனியில் வரிக்கழிவு வேறு. இரண்டு வழக்குகளின் அபராதமும் அரசுகளின், ஐரோப்பிய ஒன்றியத்தின் கணக்குக்குப் போய்விட்டது. கூடுதல் விலையை மின்கட்டணமாகக் கட்டியவர்களுக்கு அதில் என்ன கிடைத்தது?