உண்மை விளக்கம்: பாலிமர் கட்டினால் ஃபுல்லரீன் நீரில் சர்க்கரைபோல் கரைகிறதா?

"நீரை விரும்பும் பாலிமரை ஃபுல்லரீனோடு இணைத்தால் அது சர்க்கரைபோல் கரைந்து, மூலக்கூறு மூலக்கூறாகப் பிரிந்துவிடும், கரைசல் தெளிவாக இருப்பதே சான்று" என்றொரு செய்தி சுற்றுகிறது. பாதி சரி. நீரில் கலக்கும், ஆனால் மூலக்கூறு மூலக்கூறாகப் பிரிவதில்லை. சிக்கல் அந்தச் 'சான்றில்'தான்.

1985-இல் கண்டறியப்பட்ட சி60 என்ற ஃபுல்லரீன், அறுபது கார்பன் அணுக்களாலான, சுமார் 0.7 நானோமீட்டர் விட்டமுள்ள பந்து. டொலுயீன் என்ற கரிமக் கரைப்பானில் ஊதா நிறமாகக் கரையும். தண்ணீரிலோ கிட்டத்தட்டக் கரையவே கரையாது. அதன்மேல் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற, நீரை விரும்பும் பாலிமர் சங்கிலியை இணைத்தாலும் பந்தின் குணம் மாறுவதில்லை. சங்கிலி நீரோடு உறவாடும். பந்துகளோ நீரைத் தவிர்க்க ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். விளைவாக, உள்ளே ஃபுல்லரீன் கரு, வெளியே பாலிமர் உறை கொண்ட நானோ திரள்கள் தாமாகவே உருவாகின்றன. சங்கிலியின் நீளம், எண்ணிக்கை, தயாரிக்கும் முறை ஆகியவற்றைப் பொறுத்து அவை உள்ளே நிறைந்த உருண்டையான மைசெல்லாகவோ நீர்ப்பைபோன்ற வெசிக்கிளாகவோ அமையலாம்.

தெளிவு ஏன்? கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர். அதைவிட மிகச் சிறிய திரள்கள் ஒளியைக் குறைவாகவே சிதறடிக்கும், கண் ஏமாந்துபோகும். ஒளிச்சிதறல் அளவீடும் எலக்ட்ரான் நுண்ணோக்கியும் ஏமாறுவதில்லை.

இது வெறும் சொற்சண்டை அல்ல. ஒளிபட்டால் ஃபுல்லரீன், எளிதில் வினைபுரியும் கிளர்ந்த ஆக்சிஜனை உண்டாக்கும். பந்துகள் நெருங்கித் திரண்டால் அந்தத் திறன் பெரும்பாலும் குறையும். தனி மூலக்கூறு என்று நம்பிக் கணக்கிட்டால் கணக்கு பிசகும்.

ஒற்றைப் பந்தாக நீரில் நிற்கவே முடியாதா என்றால், முடியும்: காமா சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற, சர்க்கரை அலகுகளாலான இரண்டு வளையங்கள் இருபுறமும் மூடிக்கொண்டால். அது வேறு வழி.