அழுதால்தான் நடிப்பா?

ஒரு பள்ளியில் சினிமா நடிகர் ஒருவர் நடத்திய நடிப்புப் பட்டறையின் வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நானும் பள்ளிப் பிள்ளைகளோடு நாடகப் பட்டறை நடத்துகிறவன். நேற்றிலிருந்து ஏழு பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள், "உங்க ஏரியாதானே சார்" என்று. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் அந்த நடிகர். "உன் வாழ்க்கையில ரொம்ப வலிச்ச நாளை நினைச்சுக்கோ" என்கிறார். ஒரு பெண் விசும்ப ஆரம்பிக்கிறாள். கேமரா அவள் முகத்துக்கு அருகில் போகிறது. பின்னணியில் வயலின் வேறு.

நான் ஒரே ஒரு கமெண்ட் போட்டேன்: "அழவைத்தீர்கள் சரி, அப்புறம் அவள் பக்கத்தில் யார் இருந்தார்கள்?" வந்த பதில்களைப் பார்த்திருப்பீர்கள். வயிற்றெரிச்சலாம். சினிமாவில் வாய்ப்புக் கிடைக்காத கடுப்பாம். இருந்துவிட்டுப் போகட்டும்.

நடிக்கத் தெரிவது வேறு, பிள்ளைகளோடு நாடகம் செய்யத் தெரிவது வேறு. நான் சொன்னது இவ்வளவுதான். 1965-ல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் பெல்கிரேட் அரங்கம் நடிகர்களைப் பள்ளிகளுக்கு அனுப்பியபோது அவர்களை 'நடிகர்-ஆசிரியர்' என்றார்கள். அதில் இரண்டாவது பாதியை இப்போது யாரும் கேட்பதே இல்லை.

இதையெல்லாம் நான் யோக்கியனாக நின்று சொல்லவில்லை. என் முதல் பட்டறையில் கடைசி வரிசையில் ஒரு பையன் வாயே திறக்காமல் இருந்தான். கூச்சத்தை உடைக்கிறேன் பேர்வழி என்று அவனை இழுத்து நடுவில் நிறுத்தி, எல்லோரையும் கைதட்டச் சொன்னேன். மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. அவனுக்குத் திக்குவாய் என்று மூன்றாம் நாள் போகிற போக்கில் ஒரு ஆசிரியை சொன்னார். அதற்குப் பிறகுதான் கண்ணாடிப் பயிற்சியின் அருமை எனக்குப் புரிந்தது. இருவர் இருவராக எதிரெதிரே நின்று, ஒருவர் கையசைத்தால் மற்றவர் அப்படியே அசைக்க வேண்டும். பேச்சு கிடையாது, வேடிக்கை பார்க்க ஆளும் கிடையாது. அமெரிக்க நாடக ஆசிரியை வயோலா ஸ்போலின் 1930-களின் கடைசியில் சிகாகோவில் புலம்பெயர்ந்தோரின் பிள்ளைகளுக்காக அரங்க விளையாட்டுகளை உருவாக்கியதும் சும்மா இல்லை. விளையாட்டு என்றால் பிள்ளை தன்னை மறந்து உள்ளே வரும். காயத்தைக் கிளறினால் வருமா?

"இது ஸ்தானிஸ்லாவ்ஸ்கி முறை, உங்களுக்குத் தெரியாதா?" என்று ஒருவர் பாடம் எடுத்தார். தெரியும் ஐயா. நடிகன் தன் பழைய அனுபவத்தின் உணர்ச்சியை நினைவிலிருந்து எடுத்து நடிக்கும் 'உணர்ச்சி நினைவை'ப் பற்றிப் பேசிய அந்த ருஷ்ய நாடக இயக்குநரே பிற்காலத்தில் உடல் செயல்களின் பக்கம் அழுத்தம் கொடுத்தார் என்பதும் தெரியும். அவர் பயிற்றுவித்தது நடிகர்களை. கணக்குப் பீரியடை விட்டுவிட்டு வந்த பதின்மூன்று வயதுப் பிள்ளைகளை அல்ல.

"பெற்றோர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்" என்கிறார்கள். பட்டறைக்குப் போட்டிருப்பார்கள். மகள் அழுவதை ஊரே பார்ப்பதற்குமா போட்டார்கள்?

பிரபலமான ஒருவர் வந்தால் பிள்ளைகளுக்கு உற்சாகம் என்பது உண்மைதான். மறுக்கவில்லை. வரட்டும், கதை சொல்லட்டும், செல்ஃபி எடுக்கட்டும். அதற்குப் பெயர் பட்டறை இல்லை, அவ்வளவுதான்.

சரி, வயிற்றெரிச்சல் என்றீர்களே, அதையும் சொல்லிவிடுகிறேன். அதே பள்ளியிடம் போன வருடம் நான் ஐந்து நாள் கேட்டேன், இருபத்தைந்து பிள்ளைகள் போதும் என்றேன். "அரை நாள் தர்றோம், இருநூறு பேர், கடைசியில ஸ்டேஜ்ல ஏதாவது காட்டணும்" என்றார்கள். சம்பளம் பற்றிக் கேட்டால் சான்றிதழ் தருவதாகச் சொன்னார்கள். எனக்கு! பத்தொன்பது வருடம் இதையே செய்துகொண்டிருப்பவனுக்கு! அவருக்கு மட்டும் மூன்று நாள், முழு அரங்கு, கேமரா. ஆமாம், எரிந்தது. எரிச்சல் இருப்பதாலேயே நான் கேட்ட கேள்வி தப்பாகிவிடுமா?

ஒரு பட்டறை எப்படிப் போனது என்று கண்டுபிடிக்க வீடியோவே தேவையில்லை. மறுநாள் எத்தனை பிள்ளைகள் திரும்பி வந்தார்கள் என்று எண்ணினால் போதும். அந்தப் பெண் வந்தாளா? இருநூற்றுப் பத்து கமெண்டில் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை.

அந்தப் பள்ளியில் தெரிந்தவர்கள் இருந்தால் அவள் முகத்தையாவது மறைக்கச் சொல்லுங்கள். என் கமெண்டை நான் அழிக்கப்போவதில்லை.