எழுந்து நில்லுங்கள் என்றீர்களே

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், வேதத்தை ஒரு வருடத்தில் வாசித்து முடிக்காதவர்களைச் சபை முன்னால் எழுந்து நிற்க வைத்ததைப் பற்றி அன்று இரவே முகநூலில் இரண்டு வரி போட்டேன். அதற்கே ஏழெட்டுப் பேர் போன் செய்துவிட்டார்கள். "சபை விஷயத்தை முகநூலில் போடலாமா தம்பி?" என்கிறார்கள். அதை எடுத்த வீடியோவை வாட்ஸ்அப் குழுக்களில் ஓடவிட்டது நான் இல்லை. பெரியம்மா தலைகுனிந்து நின்றதை ஊரே பார்த்தாயிற்று. அதற்கப்புறம் நான் பேசுவது மட்டும் எப்படிச் சபைக்கு அவமானம் ஆகும்?

சபைப் பெரியவர்களே, வருடம் முழுக்க வாசித்து வேதத்தை முடித்தவர்களுக்குக் கேடயம் கொடுத்தீர்கள். சந்தோஷம். நானும் கைதட்டினேன். அதோடு விட்டிருக்கலாம். "பெயர் கொடுத்துவிட்டு முடிக்காதவர்களும் கொஞ்சம் எழுந்து நில்லுங்கள், சபை உங்களுக்காக ஜெபிக்கட்டும்" என்றீர்களே, அதைத்தான் இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. பெரியம்மா கடைசி வரிசையில் முன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜெபம் முடிந்த பிறகும் உட்காரவில்லை. உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

வேதம் வாசிப்பது கணக்குக் காட்டுவதற்கு இல்லை. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

சரி, கணக்கே பேசுவோம். நம் வேதாகமத்தில் 66 புத்தகம், 1189 அதிகாரம். தினம் மூன்று, ஞாயிறு ஐந்து என்று அட்டவணை போட்டால் ஒரு வருடத்தில் முடிந்துவிடும். பெரியம்மா ஆதியாகமத்தில் தொடங்கி இரண்டாம் இராஜாக்கள் நான்காம் அதிகாரம் வரை வந்திருக்கிறார். எண்ணிப் பார்த்தேன், 317 அதிகாரம். தொண்ணூறுகளில் அறிவொளி வகுப்பில் போய் எழுத்துக் கற்றுக்கொண்டவர் அவர். பகல் முழுக்கப் பீடி சுற்றி, ராத்திரிச் சாப்பாடு முடிந்து, சுளகை ஓரமாக வைத்துவிட்டு, டியூப் லைட்டுக்குக் கீழே வரிக்கு அடியில் விரல் வைத்து, சத்தமாக எழுத்துக்கூட்டி வாசித்த 317 அதிகாரம். நம்மில் எத்தனை பேர் ஜனவரியில் ஆரம்பித்து, சட்டதிட்டமாகவே போகும் லேவியராகமம் வந்ததும் மூடி வைத்தோம்? அவர் மூடவில்லை. "ஆசரிப்புக் கூடாரம்" என்ற சொல்லில் தடுக்கி நின்றபோது, 1995-ல் வந்த திருவிவிலியம் என்ற மொழிபெயர்ப்பைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்தேன். அதில் "சந்திப்புக் கூடாரம்" என்று இருந்தது. "இப்படிச் சொன்னா வெளங்குதுல்லா" என்று மேலே போனார்.

இரண்டாம் இராஜாக்கள் நான்காம் அதிகாரத்தின் முதல் ஏழு வசனங்களில் நான்கு நாள் நின்றார். கடன் கொடுத்தவன் இரண்டு மகன்களையும் அடிமையாகக் கொண்டுபோக வந்துவிட்டான் என்று ஒரு விதவை எலிசா தீர்க்கதரிசியிடம் அழுகிறாளே, அந்த இடம். அக்கம்பக்கத்தில் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கு, கதவைப் பூட்டிக்கொண்டு எண்ணெயை வார் என்கிறார் எலிசா. நான் பலமுறை வாசித்த பகுதிதான். கதவை ஏன் பூட்டச் சொன்னார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. பெரியம்மா யோசித்திருந்தார். "கடன்காரனுக்குத் தெரிஞ்சா அந்த எண்ணெயையும் தூக்கிட்டுப் போயிருவாம்லா ய்யா" என்றார். கந்துவட்டிக்காரன் வாசலில் வந்து நின்றதைப் பார்த்தவர் சொல்கிற விளக்கம். அவர் சொன்னது சரியா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வசனத்தை அவ்வளவு பக்கத்தில் போய் வாசித்த ஒருவரை நான் பார்த்ததில்லை. அந்த நான்கு நாளும் உங்கள் அட்டவணையில் அவர் பெயருக்கு எதிரே சிவப்புப் புள்ளி.

"ஒழுங்கு வேண்டாமா, இலக்கு இல்லாமல் பழக்கம் வருமா?" என்று ஒரு அண்ணன் கேட்டார். ஒழுங்கு வேண்டும். நானும் அதைத்தான் சொல்கிறேன். ஒரே நேரம், ஒரே இடம், தினமும். ஒரு அதிகாரம் போதும், அரை அதிகாரம்கூடப் போதும். யார் யாருக்குச் சொன்னது, முன்னால் என்ன நடந்தது என்று பார்த்து வாசிக்க வேண்டும். பெரியம்மாவிடம் இல்லாத எந்த ஒழுங்கைத் தேடுகிறீர்கள்?

இன்னொருவர் "எழுத்துக்கூட்டி வாசிப்பவர் ஏன் பெயர் கொடுத்தார்?" என்று எழுதியிருந்தார். இதற்குப் பதில் எழுத உட்கார்ந்து மூன்று முறை அழித்தேன். 1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்க், 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டுக் கொடுத்தாரே, யாருக்காக? நமக்கு மட்டுமா?

"நீ முழுசா வாசித்திருக்கிறாயா?" என்றும் கேட்டார்கள். மூன்று முறை. முதல் இரண்டு முறையில் எனக்கு ஒன்றும் ஒட்டவில்லை, டிக் போட ஓடினேன். எட்டாவது படிக்கும்போது விடுமுறை வேதாகமப் பள்ளியில் 23-ம் சங்கீதத்தைத் தடுக்காமல் ஒப்பித்து டிபன் பாக்ஸ் வாங்கியவன் நான். அந்தச் சங்கீதத்தை நான் உண்மையில் வாசித்தது அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது. இரவு இரண்டு மணி இருக்கும். முதல் மூன்று வசனம் வரைக்கும் "அவர் என்னைப் புல்லுள்ள இடங்களில் மேய்த்து", "அவர் என் ஆத்துமாவைத் தேற்றி" என்று கர்த்தரைப் பற்றிப் பேசிக்கொண்டே வருகிற சங்கீதக்காரர், மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்" என்று அவரிடமே பேச ஆரம்பித்துவிடுகிறார். அந்த ஒரு மாற்றத்தைப் பார்க்க எனக்கு இருபது வருடம் ஆனது. அன்று இரவு அந்தப் பக்கத்தைத் தாண்டி நான் போகவில்லை. அன்றைக்கு எனக்கும் சிவப்புப் புள்ளிதானே?

வேகமாக வாசித்து என்ன கண்டோம்? புத்தாண்டு ஆராதனையில் எரேமியா 29:11 வாக்குத்தத்த அட்டையாக வரும்போது "சமாதானத்துக்கேதுவான நினைவுகள்" என்று கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். அது பாபிலோனில் சிறையிருந்தவர்களுக்கு எழுதிய கடிதம். எழுபது வருடம் கழித்துத்தான் என்று முந்தின வசனமே சொல்கிறது. எத்தனை பேர் அந்த முந்தின வசனத்தை வாசித்தோம்?

நெகேமியா எட்டாம் அதிகாரத்தில் எஸ்றா என்ற வேதபாரகர் நியாயப்பிரமாணப் புத்தகத்தைத் திறந்ததும் ஜனங்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். தீர்க்கமாக வாசித்து, அர்த்தம் சொல்லி, விளங்கப்பண்ணினார்கள். கேட்டு அழுதவர்களிடம் அழவேண்டாம் என்றார்கள். போய்ச் சாப்பிடுங்கள், ஒன்றுமில்லாதவர்களுக்கும் கொடுத்து அனுப்புங்கள் என்றார்கள். எழுந்து நின்ற யாரையும் அங்கே வெட்கப்படுத்தவில்லை.

திங்கள் இரவு பெரியம்மா வீட்டுக்குப் போனேன். பைபிள் மஞ்சள் பைக்குள் இருந்தது. "இன்னிக்கு வேண்டாம் ய்யா, கண்ணு வலிக்கு" என்றார். நேற்றும் அதே பதில். ஒரு வருடத்தில் காய்ச்சல் வந்த நாளில்கூட அந்தப் பையை அவர் திறக்காமல் இருந்ததில்லை.

மேடையில் மன்னிப்புக் கேளுங்கள் என்று நான் சொல்லவில்லை. மறுபடி எல்லார் முன்னாலும் அவரை நிறுத்த வேண்டாம். யாராவது இரண்டு பேர் அவர் வீட்டுக்குப் போங்கள். ஐந்தாம் அதிகாரம் வாசியுங்கள் பெரியம்மா, நாங்களும் கேட்கிறோம் என்று சொல்லி உட்காருங்கள். ஒன்பது மணிக்கு மேல் போங்கள், அதுவரைக்கும் அவர் மடியில் சுளகு இருக்கும்.